பிரித்து வைக்கும் விதி

சனிக்கிழமை மாலை தனித்தனிப் பெட்டிகளில் வைத்துவிட்டுப் போன இரண்டு மெஷின்களும் திங்கட்கிழமை காலையில் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

மணிவண்ணன் முதலில் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டான். பெரம்பலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்தது சர்வர் ரூம். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று உள்ளே தெரியாது. வராந்தாவிலிருந்து வரும் பினாயில் நெடியும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசமும் ஏசிக் குளிரில் கலந்து தொண்டையில் தங்கும். விசிறிகளின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருப்பதால், கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்து, அதற்கு அடியில் வேறு ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடும்.

அங்கே மூன்று பெரிய சர்வர்கள் இருந்தன. ஹோஸ்ட் என்பார்கள். பில்லிங், மருந்தகம், லேப், ஸ்கேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் எங்கோ ஓடுவதாக மாடியில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவை எல்லாம் உடம்பில்லாத கம்ப்யூட்டர்கள். இந்த மூன்று பெட்டிகளுக்குள்தான் குடியிருந்தன. ஒரு பெட்டியில் பாரம் கூடினால் சிலதை அடுத்த பெட்டிக்கு நகர்த்த வேண்டும். சிலதை மட்டும் ஒன்றாக இருக்க விடக் கூடாது. நோயாளிகளின் லேப் முடிவுகளை வைத்திருக்கும் மெஷினும், அது விழுந்தால் எழுந்து நிற்க வேண்டிய அதன் துணை மெஷினும் அப்படிப்பட்டவை. ஒரே பெட்டியில் இருந்து அந்தப் பெட்டி படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதற்காகவே மணிவண்ணன் ஒரு விதி எழுதி வைத்திருந்தான். இந்த இரண்டும் எப்போதும் பிரிந்தே இருக்க வேண்டும்.

திரையில் அந்த விதிக்கு எதிரே பச்சைக் குறி இருந்தது. விதி நிறைவேறியிருக்கிறது என்றது அந்தக் குறி. அதற்குக் கீழே, மூன்றாவது ஹோஸ்டின் பெயருக்கு அடியில், இரண்டு மெஷின்களும் அடுத்தடுத்து இருந்தன.

யாரும் நகர்த்தியதாகப் பதிவில்லை. துணை மெஷினை அவனே கையால் முதல் ஹோஸ்டுக்கு அனுப்பினான். ஓடும் மெஷினை நிறுத்தாமலேயே இடம் மாற்றலாம். அதன் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பெட்டிக்கு நகலாகும். நகலாகும்போதே அது பழைய இடத்தில் வேலை செய்துகொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருக்கும். எல்லாம் போய்ச் சேர்ந்ததும், கண் இமைப்பதற்கும் குறைவான ஒரு நேரம், அது எங்கேயும் இல்லாமல் நிற்கும். பிறகு புது இடத்தில் விழித்து, விட்ட சொல்லிலிருந்து தொடரும். மணிவண்ணனுக்குத் தன் வேலையில் மிகவும் பிடித்தது இதுதான். யாருக்கும் வலிக்காமல் பிரிக்க முடிகிறது.

நகலாவதன் அளவைத் திரையில் காட்டும் பட்டை நகர்ந்து முடிந்தபோது மேலே மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் படியேறும் சத்தம் கேட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மனைவி வெற்றிச்செல்வி சமையலறையிலிருந்தே சொன்னாள். "அத்தை மத்தியானத்துலேர்ந்து வாயே தெறக்கலங்க. சோறு அப்புடியே இருக்கு. காலைல பூரா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

"யாருகிட்ட?"

அவள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "மாமாகிட்ட பேசற மாதிரி இருந்துச்சு."

மாமா அங்கே இல்லை. அரியலூரில், மணிவண்ணனின் அண்ணன் தமிழழகன் வீட்டில் இருந்தார்.

அவன் அப்பா அய்யம்பெருமாளும் அம்மா இருசம்மாளும் வாலிகண்டபுரத்தில் சொந்தக் காட்டில் மல்லாட்டையும் சோளமும் போட்டுப் பிழைத்தவர்கள். கிணற்றடியில் விழுந்ததிலிருந்து அவருக்கு நடை போய்விட்டது. சர்க்கரை முற்றி அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. தனியாக விட முடியாத நிலை வந்தபோது அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ரெண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்தால் ஒரே ஆளுக்குப் பாரம், அப்பாவை அண்ணன் பார்க்கட்டும், அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னது மணிவண்ணன்தான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. இருசம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. கார் கிளம்பும்போது அய்யம்பெருமாள் கட்டிலில் இருந்தபடியே, "எத்தன நாளைக்கிடா?" என்று கேட்டார். அவன் காது கேட்காதவன் போல் கதவைச் சாத்தினான்.

ஆரம்பத்தில் சாயங்காலமானால் வீடியோ கால் போட்டுக் கொடுப்பான். பேசி முடித்த பிறகு அவள் அணைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். சாப்பிட மாட்டாள். அதைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள், "நெட்வொர்க் கெடைக்கலம்மா" என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதுதான் மகனுக்கு வேலை என்பது அவளுக்குத் தெரியும். "சரி சாமி" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"மணி, அப்பா நேத்து ராத்திரிலேர்ந்து கட்ட மாதிரி கெடந்தாருடா. கூப்டா பதில் இல்ல. இன்னக்கி மத்தியானம் திடீர்னு முழிச்சு, 'அவ எங்க'ன்னு கேட்டாரு. இப்ப ஒரே அழுக. ஒங்கண்ணி சாந்தா சமாதானம் பண்ணிக்கிட்டு இருக்கா."

"மத்தியானம்னா எப்ப?"

"சோத்து வேளைக்குத்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லண்ணே."

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். ஆட்கள் படியேறும் சத்தம் காதில் இருந்தது. இதையும் அதையும் சேர்த்து நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலையில் இரண்டு மெஷின்களும் மறுபடியும் மூன்றாவது ஹோஸ்டில் இருந்தன. பச்சைக் குறி அப்படியே இருந்தது.

இந்த முறை அவன் நகர்த்தவில்லை. மவுஸைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டான். திரையைப் பூட்டி, மதியம் வரை அந்த அறைக்கு வெளியிலேயே சுற்றிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வாசலிலேயே டிவி சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வி அதை அளவுக்கு மேல் கூட்டி வைத்திருந்தாள். சோபாவின் ஓரத்தில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவனைப் பார்த்ததும் எழுந்தாள். உள் அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள். அவன் டிவியை அணைத்தான்.

கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் தாழ்ந்து, இழுத்து, மாட்டுக்குத் தீவனம் போட்டாயிற்றா என்று கேட்டது. அது முடிவதற்குள் ஓர் இருமல். நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரு முறை சிக்கி, பிறகு விடுபடும் இருமல். வாலிகண்டபுரத்தில் பள்ளிக்கூடம் படித்த காலமெல்லாம் விடியற்காலையில் அவனை எழுப்பிய இருமல் அது. அதன் பின்னாலேயே, போட்டாச்சு, போட்டாச்சு, நீ படு என்று ஓர் ஆண் குரல்.

கதவைத் திறந்தான்.

அறையில் புகையிலை வாசம் இருந்தது. அம்மா மட்டும்தான் இருந்தாள். சுவரைப் பார்த்து, கட்டிலின் ஓரமாக, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டவள் போல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் காலியாக இருந்த பக்கம் மெத்தை அழுந்தவில்லை. அழுந்தியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு குரல்களும் அவளிடமிருந்தே வந்துகொண்டிருந்தன. ஒன்று முடிவதற்குள் மற்றது தொடங்கும்போது அவள் தொண்டை இரண்டு பக்கமும் புடைத்தது.

அவள் திரும்பினாள். மங்கிய கண்கள் அவன் முகத்தில் சரியாக வந்து நின்றன. சில மாதங்களாக அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"வா மணி" என்றது அப்பாவின் குரல். "எத்தன நாளைக்கின்னு கேட்டேனே. சொல்லாமயே போயிட்ட."

அவன் கதவைச் சாத்தினான். அன்று காரில் சாத்திய அதே வேகத்தில். சாத்திய பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.

மொட்டை மாடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டான். தமிழழகனின் குரல் கரகரத்தது. "டாக்டரக் கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். நாடி நல்லாருக்கு, மூச்சு நல்லாருக்குங்கறாரு. கண்ணு தெறந்துதான் இருக்கு மணி. ஆளு உள்ள இல்ல."

"அண்ணே, அப்பாவ இங்க கொண்டாந்து அம்மாகிட்டயே விட்டுடலாமா?"

"நீதானடா பிரிச்சு வக்கலாம்ன."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம பேசுவோம். இப்ப அவரத் தூக்கிட்டு வர்ற நெலைல இல்ல."

அவன் அழுத்திச் சொல்லியிருக்கலாம். இப்போதே வண்டி பிடித்து வருகிறேன் என்றிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் இருந்த வீட்டுக்கு அந்த உடம்பையும் கொண்டுவருவதை நினைத்ததும் அவன் நாக்கு எழவில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

ஆபீசுக்குத் திரும்பியபோது அவனுடைய மேனேஜர் ஜெயசீலன் சர்வர் ரூமிலேயே நின்றிருந்தார். மூன்றாவது ஹோஸ்டின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்கய்யா போன? மெமரி எரர் கொட்டுது. இது எப்ப வேணா படுத்துரும். உள்ள இருக்கறத எல்லாம் நகத்திட்டேன். ஒன் லேப் மெஷின் ரெண்டுந்தான் நகர மாட்டேங்குது."

"ரெண்டையும் ஒண்ணா ரெண்டாவது ஹோஸ்டுக்கு அனுப்பிடலாம் சார்."

"ஒண்ணாவா?" ஜெயசீலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணாவே வைக்கிறதுக்கு எதுக்குய்யா ரெண்டு? அது படுத்துச்சுன்னா ஐசியூல இருக்கறவங்க ரிப்போர்ட்ட யாரு குடுப்பா? பிரிச்சு வையி. நீதான இந்த ரூலையே போட்ட?"

மணிவண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். மாடியில் இருக்கும் நோயாளிகளை நினைத்துத்தான் இதைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ள முயன்றான். அது பாதி உண்மை. மீதி என்னவென்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. பிரித்துவிட்டால் இன்று ராத்திரி தன் வீட்டில் அந்த இருமல் இருக்காது. அது அரியலூருக்குப் போய்விடும். அங்கே அழும். அழுவதை அண்ணன் பார்த்துக்கொள்வான்.

ஒன்றை முதல் ஹோஸ்டுக்கும் மற்றதை இரண்டாவதுக்கும் குறித்தான். மறுபடி சேரவே முடியாதபடி விதியைக் கட்டாயமாக்கினான். அழுத்தினான்.

இரண்டு பட்டைகளும் ஒன்றாக நகர்ந்தன. விசிறிகளின் இரைச்சல் கூடியது. கூடிக்கொண்டே போன இரைச்சலுக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல் ஒன்று கேட்டது. ஜெயசீலனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. பட்டைகள் முடிவை நெருங்கின. நின்றன. இன்னும் ஒரு நூலிழை இடம் பாக்கி. அப்படியே நின்றன.

பிறகு இரண்டு பெயர்களும் திரையிலிருந்து போய்விட்டன.

முதல் ஹோஸ்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது காலி. ஜெயசீலன் போனை எடுத்து லேபைக் கூப்பிட்டார். "என்னம்மா, ரிப்போர்ட் வருதா? வருதா? நல்லாப் பாத்துச் சொல்லு." போனை இறக்கினார். முகத்தில் வியர்வை, அந்தக் குளிரிலும். "எல்லாம் வருதாம். எப்பயும்விட வேகமா வருதாம். எங்கதான்யா ஓடுது அது?"

மணிவண்ணனின் போன் அடித்தது. வெற்றிச்செல்வி.

"அத்தையக் காணோங்க. அடுப்ப அணைச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம். செருப்பு இருக்கு. தெருவுல யாரும் பாக்கலங்கறாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் அண்ணனின் அழைப்பு குறுக்கே வந்தது. எடுத்தான். தமிழழகன் மூச்சு வாங்கிக்கொண்டு, "கட்டில் காலியா இருக்குடா" என்றான். "எழுந்து உக்காரக்கூட முடியாதவருடா மணி."

ஜெயசீலன் கூப்பிடக் கூப்பிட அவன் படியேறி ஓடினான்.

அரியலூர் சாலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, அவன் முகத்தில் வெள்ளைப் புழுதியை அறைந்துவிட்டுப் போயின. பல்லில் மண் நறநறத்தது. சாலையோரத்துப் புளியமரங்களில் இலை நிறமே தெரியவில்லை, எல்லாம் சாம்பல் பூத்திருந்தன. ஏன் ஊருக்குள் தேடாமல் இந்தச் சாலைக்கு வந்தான் என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பேரளியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். கடைக்கார அம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வயசான அம்மா இந்தப் பக்கம் நடந்து வந்தாங்களாக்கா? கண்ணு சரியாத் தெரியாது."

"வந்துச்சே. தண்ணி கேட்டுச்சு. ரெண்டு டம்ளரா குடுன்னு வாங்கிக் குடிச்சிட்டு அந்தாண்ட போச்சு." அவள் அரியலூர்ப் பக்கம் கை காட்டினாள். "கண்ணு தெரியாதா? என்னா வேகமாப் போச்சு தெரியுமா?"

வெற்றிச்செல்வி கூப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவன் வண்டியிலேயே இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறான். அதைக் கணக்குப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

பேரளியைத் தாண்டி, வீடுகள் தீர்ந்து, இரண்டு பக்கமும் பருத்திக் காடு மட்டும் கிடந்த இடத்துக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது; ஹெட்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்தான். தார் ஓரத்தில் மாவு போல் படிந்திருந்த வெள்ளைப் புழுதியில் செருப்பில்லாத கால் தடம். சின்னப் பாதம். அரியலூரைப் பார்த்து, நேராக, ஒரு தடுமாற்றம் இல்லாமல் போயிருந்தது. வண்டியை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, இறங்கி அதன் கூடவே நடந்தான். லாரிகள் எதுவும் வரவில்லை. அதை அவன் அப்போதுதான் கவனித்தான். இவ்வளவு நேரம் ஓயாமல் வந்துகொண்டிருந்தவை, ஒன்றுகூட இல்லை. பருத்திக் காட்டில் பூச்சிச் சத்தமும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு தடம் வந்தது. பெரிய பாதம். அகலமான குதிகால். அரியலூரிலிருந்து வந்திருந்தது. நடந்து வந்திருந்தது.

இரண்டும் ஓரிடத்தில் நேருக்கு நேர் நின்றிருந்தன. விரலோடு விரல் தொட்டபடி.

"அம்மா" என்று கூப்பிட்டான். "அப்பா." பிறகு இருட்டைப் பார்த்து, "தப்புதாம்மா. நான்தான் தப்பு. சேந்தே இருங்க, எங்க வூட்லயே இருங்க" என்றான். சொல்லும்போதே வேறொன்றும் உள்ளே ஓடியது. இதைக் கேட்டுவிட்டார்களோ என்ற பயம்.

அந்த இடத்திலிருந்து கிளம்பியது ஒரே ஒரு தடம்.

சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. ஆழம். புழுதியைத் தாண்டி, கீழே கரிசல் தெரியும்வரை அழுந்தியிருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் வந்த வழியே.

போன் அடித்தது. ஜெயசீலன்.

"கெடச்சிடுச்சுய்யா. ரெண்டும் ஒரே எடத்துலதான் ஓடுது. ஆனா அது நம்ம ஹோஸ்ட் இல்ல. நம்ம மூணு ஹோஸ்டும் இருக்கற கிளஸ்டர்ல நாலாவதா ஒண்ணு சேந்திருக்கு. நீ சேத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு சேத்தா? பேரே இல்லாம இருக்கு. இதுல எடம் பத்தல, இன்னொரு ஹோஸ்ட் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

போன் நழுவிப் புழுதியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஜெயசீலன், மணி, மணி, என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் அதை எடுக்கவில்லை. தடத்தைப் பார்த்தான். தார் ஓரமாகவே போயிருந்தது. அவன் தடத்துக்குப் பக்கத்தில். சில இடங்களில் அவன் தடத்தின் மேலேயே. அவன் நடந்து வந்தபோது அது எதிரே வந்திருக்க வேண்டும். அவனை உரசிக்கொண்டு.

அதன் கூடவே திரும்பி நடந்தான், ஓடினான். அது அவன் வண்டி வரைக்கும் போயிருந்தது. சைலன்சர் பக்கத்தில் முடிந்திருந்தது.

அங்கிருந்து எந்தப் பக்கமும் போகவில்லை.

வண்டியில் யாரும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் ஏறினான். ஸ்டார்ட்டரில் விரல் வைத்தான். கிளப்பினால் போதும். வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டால் போதும்.

வண்டியின் பின்பக்கம் இறங்கியது.

மெதுவாக. ஸ்பிரிங் முழுசாக அழுந்தி, அடியில் இடித்து நிற்கும்வரை. ஹெட்லைட் மேலே எழும்பிப் புளியமரத்தின் உச்சியைக் காட்டியது. அவன் பிடரியில் மூச்சு பட்டது. ஒரே மூச்சு. இரண்டு பக்கமிருந்தும் கைகள் வந்து இடுப்பைச் சுற்றின. ஒன்றில் கண்ணாடி வளையல். மற்றது காய்ப்பேறியது, நகமெல்லாம் மண். வளைய வந்து, அவன் வயிற்றின் மேல் விரல்களைக் கோத்துக்கொண்டன.

அவன் அதை விலக்கத்தான் கை வைத்தான்.

எந்த விரல் யாருடையது என்று தெரியவில்லை. அவனுடையது எது என்றும்.